நியூ ஜெர்ஸியில் வீட்டை நீட்டிக் கட்டப் போகிறீர்களா?

பின்பக்கம் ஓர் அறை சேர்க்கப் பிளான் கொடுத்தால், எல்லையிலிருந்து விட வேண்டிய இடம் நாலு அடி குறைகிறது என்று டவுன்ஷிப் (உள்ளூர் நிர்வாகம்) திருப்பி அனுப்பலாம். அத்தோடு முடிந்துவிடவில்லை. நிலப் பயன்பாட்டு விதிகளைப் பார்க்கும் ஜோனிங் போர்டில் 'வேரியன்ஸ்', அதாவது விதியிலிருந்து விலக்கு, கேட்கலாம்.

"ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள், இடம் போதவில்லை" என்று மட்டும் அங்கே போய் நிற்காதீர்கள். நியாயம்தான், ஆனால் சட்டத்தில் செல்லாது. கஷ்டம் மனைக்கு இருக்க வேண்டும், நமக்கு அல்ல. மனை குறுகலா, கோணல்மாணலா, சரிவா? அதை சர்வே படத்தில் காட்டுங்கள்.

உங்கள் மனையிலிருந்து 200 அடிக்குள் சொத்து வைத்திருக்கும் எல்லோருக்கும் போர்டின் விசாரணைக்கு 10 நாளாவது முன்னால் நோட்டீஸ் போக வேண்டும். சர்டிஃபைட் மெயிலில் அனுப்பினால் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். பெயர்ப் பட்டியலை டவுன்ஷிப்பிலேயே வாங்கிவிடுங்கள். கட்டணம் 10 டாலர் அல்லது பெயருக்கு 25 சென்ட், எது அதிகமோ அதற்கு மேல் போகாது. நாமே எழுதி ஒரு வீடு விட்டுப்போனால் விசாரணையே தள்ளிப்போகும்.

அப்புறம், நோட்டீஸ் போய்ச் சேருமுன் பிளானை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம் வருகிறது என்றுதான் முதலில் கேட்பார்கள்.