தந்தை பெயர் தெரியாத முன்னோரை இங்கிலாந்தின் பழைய கணக்கெடுப்பு ஏடுகளில் தேடுவது எப்படி?

திருமணப் பதிவில் தந்தையின் பெயருக்கான கட்டத்தில் வெறும் கோடு இருக்கும். அல்லது ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயின் பெயர் மட்டும் இருக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேர்கொண்ட குடும்பங்களின் வரலாற்றைத் தேடுவோர் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றில் முட்டி நிற்கிறார்கள். என் சம்பந்தி வீட்டாரின் மூதாதை ஒருவருக்காக இந்த வேலையில் இறங்கி அதை முடித்த கையோடு, நடந்த வழியை இங்கே வரிசைப்படுத்துகிறேன். இந்தியக் குடும்பங்களுக்கு இம்முறை பயன்படாது. நம் நாட்டில் தனிநபர் விவரங்கள் அடங்கிய கணக்கெடுப்புப் படிவங்களை 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுமக்கள் பார்வையிட முடியாது. இங்கிலாந்தில் அவை நூறு ஆண்டுகள் கழிந்தபின் திறக்கப்படுகின்றன. ஆகவே, பெயர்கள் முறையாகப் பதிவான 1841 முதல் 1921 வரையிலான ஏடுகள் இன்று நம் கைக்கு எட்டும். இணையதளத்தில் கணக்குத் தொடங்குவது, பெயரிட்டுத் தேடுவது போன்றவற்றை விளக்கப் போவதில்லை.

படி 1: பிறந்த காலத்தை வரையறுங்கள்

வயதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்கிடுவதற்குக் கணக்கெடுப்பு நடந்த நாள் தெரிய வேண்டும். 1841இல் ஜூன் 6, 1851இல் மார்ச் 30, 1861இல் ஏப்ரல் 7, 1871இல் ஏப்ரல் 2, 1881இல் ஏப்ரல் 3, 1891இல் ஏப்ரல் 5, 1901இல் மார்ச் 31, 1911இல் ஏப்ரல் 2, 1921இல் ஜூன் 19. 1881இல் ஒரு வயது என்று பதிவான குழந்தை, அந்த வயது சரியாக இருந்தால், 1879 ஏப்ரல் தொடக்கத்துக்கும் 1880 ஏப்ரல் தொடக்கத்துக்கும் இடையே பிறந்திருக்க வேண்டும். பிறப்பைப் பதிவு செய்ய ஆறு வாரம் அவகாசம் இருந்ததால், காலாண்டு வாரியாகப் பிறப்புகளைப் பட்டியலிடும் பதிவு அட்டவணையில் (படி 4இல் வருகிறது) அடுத்த காலாண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

1841ஆம் ஆண்டு ஏட்டை மட்டும் தனியே வையுங்கள். அதில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயது பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதப்பட்டது. உறவுமுறைக்கென்று பத்தியே கிடையாது. ஒரே வீட்டில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கிறார்கள் என்பதற்காக அவர்களைப் பெற்றோரும் பிள்ளையும் என்று முடிவுகட்ட இயலாது.

படி 2: எல்லாப் பத்தாண்டுகளையும் எடுங்கள், படத்தையே பாருங்கள்

ஒரே ஒரு ஆண்டின் ஏட்டை வைத்துக்கொண்டு பெற்றோரை முடிவு செய்யாதீர்கள். அந்த நபர் உயிரோடிருந்த ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் அவரைக் கண்டுபிடித்து, ஆண்டு, முகவரி, குடும்பத் தலைவர், உறவுமுறை, வயது, பிறந்த ஊர் ஆகியவற்றை ஒரு விரிதாளில் வரிசையாக இடுங்கள். இந்தக் கட்டத்தில் குடும்ப மர மென்பொருளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது முதலிலேயே "தந்தை யார்?" என்று கேட்டு ஒரு பெயரை நிரப்பச் சொல்லும்; நிரப்பிய பெயர் நாளடைவில் உண்மைபோல் உறைந்துவிடும்.

ஃபேமிலிசெர்ச், ஃப்ரீசென் ஆகிய தளங்களில் கட்டணமின்றிக் கிடைக்கும் படியெடுப்புகள் (மூல ஏட்டைப் படித்துத் தட்டச்சு செய்தவை) தேடுவதற்குப் போதுமானவை. ஆனால் முடிவெடுக்கும்போது ஆன்செஸ்ட்ரி அல்லது ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களையும் புரட்டிப் பாருங்கள். தாயின் சகோதரி அடுத்த வீட்டில் குடியிருப்பது படியெடுப்பில் தெரியவே தெரியாது.

ஆளைக் காணவில்லையென்றால் குடும்பப் பெயரை நீக்கிவிட்டு, முதற்பெயர், வயது, பிறந்த ஊர் ஆகிய மூன்றை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். தாய் மறுமணம் செய்துகொண்ட பிறகு, பிள்ளையும் அந்த வீட்டுக் குடும்பப் பெயரிலேயே எழுதப்படுவது மிகச் சாதாரணம்.

படி 3: உறவுமுறைப் பத்தியைப் படிக்கும் விதம்

எனக்கு மிக அதிகக் காலம் பிடித்த படி இது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். 1851 முதல் இருக்கும் உறவுமுறைப் பத்தி, ஒவ்வொருவரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதை மட்டுமே கூறுகிறது. "மகன்" என்றால் தலைவரின் மகன். பக்கத்தில் மனைவியாகக் குறிக்கப்பட்டவர் அவனைப் பெற்றவராக இருக்க வேண்டியதில்லை, முதல் தாரத்து மகனாகவும் இருக்கலாம். அதோடு, இது வீட்டார் சொன்ன விவரம்; யாரும் சான்று கேட்டுச் சரிபார்த்ததில்லை. 1901 வரை நமக்குக் கிடைப்பவை, வீட்டார் நிரப்பிய படிவத்தைப் பார்த்துக் கணக்கெடுப்பாளர் எழுதிய பிரதிகள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

19ஆம் நூற்றாண்டு ஏடுகளில் "சன்-இன்-லா" என்று எழுதியிருந்தால் உடனே மருமகன் என்று கொள்ளாதீர்கள். மனைவியின் முந்தைய பிள்ளையையும் அன்று அப்படியே குறித்தார்கள். பத்து வயதுப் பையனுக்கு நேரே அது இருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. "நர்ஸ் சைல்டு" என்பது கூலிக்கு வளர்க்கக் கொடுக்கப்பட்ட குழந்தை. திருமணமாகாத தாய் வேறு வீட்டில் வேலைக்காரியாகத் தங்கியிருக்க, பிள்ளை இப்படி இன்னொரு குடும்பத்தில் எழுதப்பட்டிருப்பதை அடிக்கடி காணலாம். சட்டப்படியான தத்தெடுப்பு 1927இல்தான் தொடங்கியது; அதற்கு முன் "தத்துப்பிள்ளை" என்று எழுதப்பட்டிருந்தால் அது வீட்டுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு, அதற்கு நீதிமன்ற ஆவணம் தேட வேண்டாம்.

இனி ஒரு மாதிரிக் குடும்பம். 1881இல் தலைவருக்கு 53, மனைவிக்கு 50, பிள்ளைகளுக்கு 24, 21, 17, 13 வயது, கடைசியாக "மகன்" என்று ஒரு வயதுக் குழந்தை. பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, தாய் ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு பிரசவம். 21 வயது மகள் மணமாகாமல் அதே வீட்டில் இருக்கிறாள். 1891இல் அதே பையன் பதினோரு வயதில் அதே தலைவருக்குப் "பேரன்" ஆகிவிடுகிறான். மகளின் பிள்ளையைத் தாத்தாவும் பாட்டியும் தங்கள் பிள்ளையாக வளர்த்தார்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் பையன் தாத்தாவின் குடும்பப் பெயரையே தாங்கியிருப்பதால், மணமாகி வெளியேறிய ஒரு மகனின் பிள்ளையாகவும் அவன் இருக்கலாம். கணக்கெடுப்பு நம்மை இதுவரைதான் கொண்டுவந்து விடும்.

படி 4: பிறப்பு அட்டவணையில் உரைத்துப் பாருங்கள்

பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் இணைய அட்டவணை 1837 முதலான பிறப்புகளுக்குத் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரையும் தருகிறது. பிற தளங்களிலுள்ள பழைய அட்டவணைகளில் அப்பெயர் 1911இன் பிற்பகுதியிலிருந்துதான் உண்டு என்பதால், இதற்கு வேறெதையும் பயன்படுத்தாதீர்கள்.

மேற்கண்ட பையனின் பதிவில் பாட்டியின் பிறந்தவீட்டுப் பெயர் இருந்தால், அவன் உண்மையிலேயே கடைக்குட்டி மகன் என்று கொள்ளலாம். வேறொரு பெண்ணின் குடும்பப் பெயர் இருந்தால் அவன் மகன் வழிப் பேரனாக இருக்கக்கூடும். அந்த இடம் வெறுமையாகவோ கோடாகவோ இருந்தால் தாய் மணமாகாதவர். அப்போது சான்றிதழை வாங்கிவிடுங்கள். அதில் தாயின் முழுப் பெயரும், பிறந்த இடமும், தகவல் கொடுத்தவரின் பெயரும் கிடைக்கும். பிறந்த இடம் ஏழையர் இல்லமாக இருந்தால், அந்த இல்லத்தின் சேர்க்கைப் பதிவேடு அடுத்து நீங்கள் போக வேண்டிய இடம்.

தந்தை பெயர்க் கட்டம் காலியாக இருப்பதைக் கண்டு சோர வேண்டாம். 1875 முதல், மணமாகாத தாயோடு தந்தையும் நேரில் வந்து கையொப்பமிட்டால்தான் அவர் பெயரைச் சேர்க்க முடிந்தது. குழந்தையின் நடுப்பெயர் ஒரு குடும்பப் பெயரைப்போல ஒலித்தால், அதே பெயருடைய ஆண் பக்கத்துத் தெருக்களில் இருக்கிறாரா என்று கணக்கெடுப்பில் பாருங்கள். அது ஒரு துப்பு மட்டுமே, சான்றாக எண்ணிவிடாதீர்கள்.

படி 5: திருமணமே ஐயமானால்

கணவன் மனைவி என்று ஏட்டில் இருப்பவர்களுக்குத் திருமணப் பதிவு கிடைக்காவிட்டால், 1911ஆம் ஆண்டுப் படிவத்தைத் திறக்கலாம். குடும்பத்தாரே கைப்பட நிரப்பிய படிவம் அந்த ஆண்டில்தான் நமக்கு முதன்முறையாகக் கிடைக்கிறது. நடப்புத் திருமணம் எத்தனை ஆண்டுகளாக நிலவுகிறது, அதில் உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, அவர்களில் இருப்போர், இறந்தோர் எத்தனை என்று மணமான பெண்களைப் பற்றிக் கேட்டார்கள். ஒன்பது ஆண்டுத் திருமணம், நான்கு குழந்தைகள் என்று எழுதிய வீட்டில் ஐந்து பிள்ளைகள் பட்டியலிடப்பட்டு, மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது என்றால், அந்த மூத்தவனின் பிறப்புப் பதிவைத் தனியே பார்க்க வேண்டும். ஆண்டுக் கணக்கைக் கூட்டிச் சொல்லியிருக்க வாய்ப்பு உண்டு என்பதால், குழந்தைகளின் எண்ணிக்கையையே நான் அதிகம் நம்புவேன். கைம்பெண்களும் பிழையாக இப்பத்தியை நிரப்பியிருப்பார்கள். அலுவலர் அதை அடித்திருந்தாலும் எழுத்து பெரும்பாலும் தெரியும், விட்டுவிடாதீர்கள்.

முந்தைய ஏட்டில் "மைத்துனி" என்று இருந்தவர் அடுத்த ஏட்டில் "மனைவி" ஆகியிருந்தால், காரணத்தைச் சட்டத்தில் தேடுங்கள். இறந்த மனைவியின் சகோதரியை மணப்பது 1835 முதல் 1907 வரை செல்லாத திருமணம். இத்தகையோர் தங்களை அறியாத தொலைதூர ஊரில் மணம் முடித்திருக்கலாம், அல்லது மணமே செய்யாமல் வாழ்ந்திருக்கலாம். ஆகவே சொந்த ஊர்ப் பதிவேட்டோடு நின்றுவிடக் கூடாது.

பின்சேர்க்கை

1921ஆம் ஆண்டு ஏடு, அதற்குப் பிந்தைய ஆண்டுகள், ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகியவை பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு விடை. 1921ஆம் ஆண்டுப் படிவத்தில், பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்ற கேள்வியும் உண்டு. தாத்தா வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது மிகவும் உதவும். 1931ஆம் ஆண்டு ஏடுகள் 1942இல் தீக்கிரையாகிவிட்டன, 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. இடைவெளியை 1939 செப்டம்பரில் எடுத்த பதிவேட்டைக் கொண்டு ஓரளவு நிரப்பலாம். ஸ்காட்லாந்து ஏடுகளுக்கு ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்துக்குச் செல்ல வேண்டும். அயர்லாந்தில் 19ஆம் நூற்றாண்டு ஏடுகளில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. 1901, 1911 ஆகிய இரண்டும் அந்நாட்டுத் தேசிய ஆவணக்காப்பகத்தின் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.