டிஎஸ்சி டோக்கன் விண்டோஸ்ல தெரியலையா? அன்இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி இதப் பாருங்க

ஜிஎஸ்டி, எம்சிஏ (கம்பெனி விவகார அமைச்சகம்) ஃபைலிங்குக்கு வாங்கற டிஎஸ்சி டோக்கன், அதாவது டிஜிட்டல் கையெழுத்து சர்டிஃபிகேட் இருக்கற யுஎஸ்பி டோக்கன், பாக்க பென்டிரைவ் மாதிரி இருக்கும், ஆனா உள்ள இருக்கறது ஸ்மார்ட் கார்டு சிப்பும் அதுக்கான ரீடரும்தான். கையெழுத்துப் போடற ரகசிய சாவி, அதாவது பிரைவேட் கீ, அந்த சிப்ப விட்டு வெளிய வராது. நீங்க சைன் குடுக்கும்போது விண்டோஸ் டாக்குமென்டோட ஹாஷ (டாக்குமென்ட்ல இருந்து கணக்குப் போட்டு எடுக்கற கைரேகை மாதிரி ஒரு சின்ன கோட்) மட்டும் உள்ள அனுப்பும், நீங்க அடிச்ச பின் நம்பர் சரியான்னு சிப்பே பாத்துட்டு கையெழுத்தப் போட்டுத் திருப்பி அனுப்பும். சர்டிஃபிகேட்ட மட்டும் காப்பி பண்ணி வேற மெஷின்ல போட்டா சைன் ஆகாதது இதனாலதான்.

முதல்ல டிவைஸ் மேனேஜர்ல 'ஸ்மார்ட் கார்டு ரீடர்ஸ்' கீழ டோக்கன் வருதான்னு பாருங்க, வரலைன்னா யுஎஸ்பி போர்ட்ட மாத்திக் குத்துங்க. சில டோக்கன் சொருகினதும் சிடி டிரைவ் மாதிரி ஒண்ணு வரும், டிரைவர் அதுக்குள்ளயே இருக்கும்.

ரீடர் வந்துடுச்சா, இப்ப சர்வீசஸ் போங்க. 'ஸ்மார்ட் கார்டு', 'சர்டிஃபிகேட் ப்ராபகேஷன்' ரெண்டும் ஓடணும். ரெண்டாவத யாரும் கண்டுக்கறதே இல்ல, ஆனா சிப்ல இருக்கற சர்டிஃபிகேட்ட உங்க விண்டோஸ் யூசரோட 'பர்சனல்' ஸ்டோருக்கு கொண்டு வர்றதே அதுதான், அது நின்னுட்டா டோக்கன் சாப்ட்வேர்ல பேர் தெரியும் பிரவுசர்ல ஒண்ணும் தெரியாது, நாம போர்ட்டல திட்டிட்டு இருப்போம்.

டோக்கன் ஆபீஸ் மெஷின்ல இருக்கு, நீங்க வீட்ல இருந்து ரிமோட் டெஸ்க்டாப்ல போறீங்கன்னா டோக்கன் காணாமப் போறது சகஜம். ரிமோட் செஷன்ல விண்டோஸ் உங்க கை மெஷின்ல சொருகின கார்டத்தான் தேடும், அங்க சொருகினத இல்ல. டோக்கன வீட்டுக்கு எடுத்துட்டு வந்து சொருகி, கனெக்ட் பண்றதுக்கு முன்னாடி 'லோக்கல் ரிசோர்சஸ்'ல ஸ்மார்ட் கார்ட டிக் பண்ணுங்க.

விண்டோஸுக்குப் பதிலா உபுண்டு லினக்ஸ் வச்சிருக்கவங்களுக்கு பிசிஎஸ்சிடியும் (ரீடரோட பேசற சர்வீஸ்) ஓப்பன்எஸ்சியும் (கார்ட படிக்கற சாப்ட்வேர்) போதும், ஆனா ஃபயர்பாக்ஸ்ல 'செக்யூரிட்டி டிவைசஸ்' போயி ஓப்பன்எஸ்சியோட பிகேசிஎஸ் 11 லைப்ரரிய (பிரவுசர் டோக்கனோட பேசறதுக்கான ஃபைல்) நீங்களே லோட் பண்ண வேண்டியிருக்கலாம். உங்க டோக்கன் மாடல ஓப்பன்எஸ்சி சப்போர்ட் பண்ணுதான்னு முன்னாடியே பாத்துக்கோங்க.

பின் நம்பர கண்டபடி அடிச்சுப் பாக்காதீங்க, டோக்கன் லாக் ஆயிடும். லாக் ஆனா யாராவது 'இனிஷியலைஸ் குடு சரியாயிடும்'னு சொல்லுவாங்க, குடுத்தீங்கன்னா உள்ள இருக்கற கீ மொத்தமா அழிஞ்சு புது சர்டிஃபிகேட்தான் வாங்கணும், அதனால டோக்கன் குடுத்தவங்ககிட்ட அன்லாக் மட்டும் பண்ணித் தரச் சொல்லுங்க.