பழைய காருக்குப் பொருந்தும் ஆல்டர்னேட்டர்: என் அனுபவம்

இன்ஜின் ஓடும்போதும் பேட்டரியில் 12.3 வோல்ட்தான் காட்டியது. 14-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது, வயரிலும் குறையில்லை. அப்போ கோளாறு, இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில்தான்.

பழைய காருக்கு மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. எத்தனை கை மாறிய வண்டியோ, எதை மாட்டி வைத்திருக்கிறார்களோ! என் காரில் கழற்றியதையே பக்கத்தில் வைத்து, மாற்றாகப் போடவிருந்த ஒரு பழைய ஆல்டர்னேட்டரை ஒப்பிட்டேன். ஆம்பியர், போல்ட் மாட்டும் காதுகளின் இடைவெளி, பெல்ட் ஓடும் புல்லி, பிளக் பின்கள் எல்லாம் ஒத்துப்போயின. பிளக் மட்டும் வேறு பக்கம் பார்த்தது. நீள போல்ட்டுகளைக் கழற்றிப் பின்மூடியைத் திருப்பி வைத்ததும் அதுவும் சரி.

அதன் உள்ளே, சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து கட்டையாகியிருந்தன. பிரஷ் உரசும் வளையமான ஸ்லிப் ரிங்கை நைஸ் உப்புத்தாளால் தேய்த்தேன். டயோடு ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தை விட வேண்டும். மீட்டரில் பார்த்தால் ஒன்று இரண்டு பக்கமும் விட்டது. டயோடு பிளேட்டையே மாற்றினேன், கூடவே பிரஷ்களையும் பேரிங்கையும்.

மூடும்போதுதான் வேடிக்கை. ஸ்பிரிங் பிரஷை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பின்மூடியிலுள்ள சின்ன ஓட்டையில் மெல்லிய கம்பியைச் செருகிப் பிரஷை உள்ளே பிடித்து வைத்து, மூடிய பிறகு கம்பியை உருவ வேண்டும்.

இப்போது 14.2 வோல்ட். ஹெட்லைட் போட்டாலும் 13.9-க்குக் கீழே போவதில்லை.