மூன்று நாள் ரயிலுக்குப் புத்தகம் எடுத்து வைக்கும்போது செய்யும் தவறுகள்

கன்னியாகுமரியிலிருந்து அஸ்ஸாமின் திப்ருகருக்குப் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. முழுதாக மூன்று நாளைத் தாண்டும் பயணம். அதில் முதல் முறை போனபோது ஒன்பது புத்தகங்கள் எடுத்துப் போனேன். படித்தது ஒன்றரை.

அந்த ஒன்பதில் ஆறு, "என்றாவது படித்துவிட வேண்டும்" என்று வருஷக்கணக்காக அலமாரியில் வைத்திருந்தவை. பெரிய தவறு அதுதான். வீட்டில் ஓடாத புத்தகம் ரயிலிலும் ஓடாது. மூன்று நாள் சும்மாதானே இருக்கப்போகிறோம் என்று நினைக்கிறோம். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, நேரம் நமக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. டீக்காரர் வருவார். மேல் பெர்த்காரர் சாப்பிட இறங்கி வருவார், நாம் ஒதுங்கி உட்கார வேண்டும். எதிர் சீட்டுக் குழந்தை நம் அட்டைப்படத்தைத் தடவிப் பார்க்கும். ராஜமுந்திரி பக்கம் கோதாவரிப் பாலம் வந்தால் எந்தப் புத்தகமும் மடிக்குப் போய்விடும். இப்படிப் பத்து நிமிஷத்துக்கொரு முறை மூடித் திறக்கத் தோதானது ஏற்கெனவே படித்துப் பிடித்த புத்தகம்தான். எந்தப் பக்கத்தில் திறந்தாலும் ஊர் தெரியும், ஆள் தெரியும்.

அதற்காகப் பிடித்ததையெல்லாம் மூட்டை கட்டவும் கூடாது. அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது, பிடித்த நூல்களுக்குப் பன்றித்தோல் அட்டை போட்டு ஒரு பெட்டி நிறைய எடுத்துப் போனார். எடை ஏறக்குறைய 60 பவுண்டு, அதாவது 27 கிலோ. சரி, அவருக்குத் தூக்க ஆள் இருந்தது. 300 பக்க சாதா அட்டைப் புத்தகம் ஒன்றே கிட்டத்தட்ட 400 கிராம் வரும். பத்துப் புத்தகம் என்றால் நாலு கிலோ, பிளாட்பாரம் மாற்றி அறிவித்தால் படியேறித் தூக்குவது நாம்தான். மூன்று நாளுக்கு மூன்று புத்தகம் தாராளம்.

ஐந்து பாகமுள்ள 'பொன்னியின் செல்வன்' மாதிரி என்றால் இன்னொரு சிக்கல். முதல் தடவை படிப்பவர் ஒரு பாகத்தை மட்டும் கொண்டுபோனால் பாதி வழியில் தவிக்க வேண்டியிருக்கும். நாலாவது தடவை படிப்பவருக்கு ஐந்தும் எதற்கு? 'சுழற்காற்று' பிடிக்கும் என்றால் அதை மட்டும் உருவிக்கொண்டு போகலாம்.

கெட்டி அட்டை வேண்டவே வேண்டாம். நடு பெர்த்தில் நிமிர்ந்து உட்கார முடியாது, மல்லாந்து படுத்துத்தான் படிக்க வேண்டும். எண்ணூறு பக்கப் புத்தகம் ஒன்று தூக்கக் கலக்கத்தில் என் மூக்கில் விழுந்தது. அன்று படிப்பு அதோடு சரி. ராத்திரி பத்து மணிக்குப் பெட்டியில் விளக்கை அணைத்துவிடுவார்கள் என்பதால், மிஞ்சும் மங்கல் வெளிச்சத்துக்குப் பொடி எழுத்துப் பதிப்பும் உதவாது.

புத்தகத்தை எங்கே வைக்கிறோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. சூட்கேஸின் அடியில் வைத்து, சீட்டுக்குக் கீழே சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டால், கீழ் பெர்த்காரர் படுத்ததும் அது போனதுதான். தண்ணீர் பாட்டில் இருக்கும் தோள்பையிலேயே இருக்கட்டும். ஆனால் புளியோதரைப் பொட்டலம் இருக்கும் பையில் அல்ல. என் கவிதைத் தொகுப்பு ஒன்றில் இருபது பக்கத்துக்கு நல்லெண்ணெய் வட்டம் இன்னும் இருக்கிறது.

போனில் படிப்பவர்கள் கிளம்பும் முன்பே புத்தகத்தை டவுன்லோட் செய்து, ஒருமுறை திறந்தும் பார்த்துவிட வேண்டும். வழியில் சிக்னல் போய்ப் போய் வரும். ஸ்கேன் செய்த பழைய பிடிஎஃப் என்றால் ஒவ்வொரு வரிக்கும் விரலால் பெரிதாக்கி நகர்த்த வேண்டும். பத்துப் பக்கத்தில் வெறுத்துவிடும்.

பழையதிலேயே ஊறிக் கிடப்பதும் ஒருவகைத் தவறுதான். 1904இல் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குக் கிளம்பிய காந்திக்கு, ரயிலேற்ற வந்த நண்பர் போலக் ஸ்டேஷனில் ஒரு புத்தகம் கொடுத்தார். ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் எழுதிய 'கடையனுக்கும் கதிமோட்சம்'. 24 மணி நேரப் பயணம். கீழே வைக்க முடியவில்லை, அன்றிரவு தூக்கமும் வரவில்லை என்று காந்தியே எழுதியிருக்கிறார். அதனால் மூன்றில் ஒன்று புதிதாக இருக்கட்டும். அதையும் நாமே தேர்ந்தெடுக்காமல், நம்மை அறிந்த ஒருவரிடம் கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது.

அப்புறம், ஆசிரியர் கையெழுத்துப் போட்டது, இனி அச்சில் கிடைக்காதது எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ரயிலில் யாராவது கேட்பார்கள். "தம்பி, அதைக் கொஞ்சம் குடுங்க, பார்த்துட்டுத் தரேன்" என்று ஒரு பெரியவர் கை நீட்டினால் மறுக்க வாய் வருமா? அப்படி ஒருவர் வாங்கி, ஒரு பகல் முழுக்கக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். விடிகாலையில் நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது ஒடிசாவின் கட்டக்கில் இறங்கிவிட்டார். புத்தகமும் அவரோடு இறங்கிவிட்டது. பக்க அடையாளத்துக்கு நான் செருகியிருந்த டிக்கெட்டை மட்டும் எடுத்து, என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.