டிராக்டர் முன்வீல் தூக்காம ஓட்டுறது எப்படி

பஞ்சாப் மேளாவுல டிராக்டர் மூக்கை வானத்துக்கு தூக்கி ரெண்டு பின்வீல்ல சுத்துற வீடியோவ பாத்துட்டு நம்ம பசங்களும் டிரை பண்ணுறாங்க, தயவுசெஞ்சு வேணாம்பா. 2023 அக்டோபர்ல குர்தாஸ்பூர் மாவட்டத்துல இப்படி ஸ்டண்ட் பண்ணவர் மேலயே அந்த டிராக்டர் ஏறி செத்துட்டாரு, அதுக்கப்புறம் பஞ்சாப் அரசு ஸ்டண்டுக்கே தடை போட்டுச்சு.

இதே ஆபத்து ஸ்டண்ட் பண்ணாத நமக்கும் தொளி வயல்ல காத்துட்டு இருக்கு. பின்வீல் சுத்த முடியாம இறுகிடுச்சுன்னா இன்ஜின் இழுவை எங்க போகும், வண்டிய அச்ச சுத்தி பின்னால கவுத்துப் போடும். முழுசா கவுற ஒன்றரை செகண்ட் போதும், அதுலயும் முதல் முக்கால் செகண்ட் தாண்டிட்டா கிளட்ச் மிதிச்சும் பிரயோஜனம் இல்ல.

எங்க வயல்ல ஒருதடவ வண்டி புதைஞ்சப்போ மாமா பின்வீல்ல கட்டைய வச்சு சங்கிலியால கட்டிட்டு முதல் கியர் போட்டாரு, முன்வீல் ரெண்டும் சேறு சொட்ட சொட்ட மேல வருது, வரப்புல நின்ன எனக்கு வண்டியோட அடிவயிறு தெரியுது, அவர் கால் கிளட்ச்லயே இருந்ததால டொம்முனு கீழ விழுந்துச்சு. அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. அதனால வீல்ல கட்டை கட்டவே கட்டாதீங்க. சேத்த வெட்டி விட்டு ரிவர்ஸ்ல மெதுவா எடுத்துப் பாருங்க, வரலன்னா இன்னொரு வண்டிய கூப்டுங்க. இழுக்குற வண்டியில சங்கிலிய பின்னால கீழ இருக்குற இழுவைக் கம்பியான டிராபார்லதான் மாட்டணும், மேல இருக்குற டாப் லிங்க் கம்பியிலயோ அச்சுலயோ மாட்டுனா அந்த வண்டி மல்லாந்துடும். கிளட்ச்ச பட்டுனு விடவும் கூடாது.

பக்கவாட்டுல கவுறதுக்கு பெரும்பாலும் வாய்க்கால் ஓரம்தான் காரணம். வாய்க்கால் நாலடி ஆழம்னா கரைய விட்டு நாலடியாவது தள்ளி ஓட்டுங்க, மழை பேஞ்ச கரைன்னா இன்னும் தள்ளி. ரோட்டுக்கு ஏறுறதுக்கு முன்னாடி இடது, வலது வீலுக்குத் தனித்தனியா இருக்குற ரெண்டு பிரேக் பெடலையும் ஒண்ணா சேத்து லாக் பண்ணிடுங்க, வேகத்துல ஒரு பக்கம் மட்டும் பிடிச்சா வண்டி அப்படியே திரும்பி சாஞ்சிடும். லோடோட இறக்கத்துல நியூட்ரல் போடாதீங்க, ஏறுறப்போ எந்த கியரோ இறங்கவும் அதே கியர்.

புது வண்டி வாங்குனா சீட்டுக்குப் பின்னால வர்ற ரோல் பார், அதாவது வண்டி கவுந்தா நம்மள நசுங்காம காக்குற இரும்புச் சட்டம், இருக்கான்னு கேளுங்க, ஸ்வீடன்ல 1959லயே புது டிராக்டருக்கு இத கட்டாயமாக்கிட்டாங்க. நிழலுக்குப் போடுற தகரக் கூரை வேற, அது நம்ம உயிர தாங்காது. ரோல் பார் இருந்தா சீட் பெல்ட் கட்டாயம் போடுங்க, அது இல்லாத வண்டியில பெல்ட் போடாதீங்க, கவுந்தா வண்டிக்கு அடியில நம்மள கட்டிப் போட்ட மாதிரி ஆயிடும்.

அப்புறம் மட்கார்டுல புள்ளைங்கள உக்கார வைக்கிறது. ரோல் பார், பெல்ட் ரெண்டும் சீட்டுல இருக்குற ஒரு ஆளுக்குத்தான். எவ்ளோ அழுதாலும் இறக்கி விட்டுட்டு சாவிய போடுங்க.