நாயின் தோலில் கட்டி: பிதுக்காமல், அறிந்து, குணப்படுத்தும் முறை

நாயைத் தடவிக்கொடுக்கும்போதோ குளிப்பாட்டும்போதோ ரோமத்துக்கு அடியில் பட்டாணி அளவில் ஓர் உருண்டை கையில் தட்டுப்பட்டால், அதை இரு விரல்களுக்கு நடுவே வைத்துப் பிதுக்கிப் பார்க்கத் தோன்றுவது இயல்பு. ஆனால், தோல் கட்டிகளால் நாய்கள் படும் அவதி பல நேரங்களில் அந்தப் பிதுக்கலுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆகவே சிகிச்சையின் முதல் படி, கையை எடுத்துவிடுவதே.

இதற்கான காரணம் கட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. நாய்களின் தோலில் காணப்படும் சிஸ்ட் வகைக் கட்டிகளில், அதாவது பை போன்ற உறைக்குள் பொருள் தேங்கும் கட்டிகளில், மிகுதியானவை ரோமக்கால்களிலிருந்து உருவாகின்றன. ரோமக்காலின் வாய் அடைபடும்போது, வழக்கமாக உதிர்ந்து வெளியேற வேண்டிய தோல் செல்களும் கெராட்டின் என்னும் புரதமும் உள்ளேயே தேங்கி, மெல்லிய உறை ஒன்றுக்குள் சாம்பல் நிறத்திலோ வெளிர் மஞ்சளிலோ பசை போலத் திரள்கின்றன. உறை முழுமையாக இருக்கும்வரை இந்தப் பசையால் தீங்கில்லை. பிதுக்கும்போது உறை மேற்புறம் மட்டுமல்லாமல் தோலுக்குள்ளும் கிழிய வாய்ப்புண்டு. அப்படிக் கிழிந்தால் கெராட்டின் சுற்றியுள்ள திசுவில் பரவுகிறது, உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்குகிறது. சாதுவாக இருந்த உருண்டை ஒரே நாளில் சிவந்து, வீங்கி, தொட விடாத அளவுக்கு வலிக்கத் தொடங்குவது இதனால்தான். பிதுக்கி வெளியேற்றினாலும் உறை உள்ளேயே தங்கிவிடுவதால், சில வாரங்களிலோ மாதங்களிலோ அதே இடத்தில் கட்டி மீண்டும் நிரம்பிவிடும்.

பிதுக்காமல் பார்க்கும் முறை எளிது. நல்ல வெளிச்சத்தில் ரோமத்தை இருபுறமும் விலக்கி, கட்டியின் மேல் தோலைக் கவனியுங்கள்: சிஸ்ட் என்றால் பல நேரங்களில் நடுவில் கரும்புள்ளி போன்ற சிறு துவாரம் தெரியும், மேல் தோல் வழவழப்பாகவும் சில வேளை நீலம் பாய்ந்தும் இருக்கும். விரல் நுனியால் மெதுவாகத் தள்ளினால் கட்டி தோலோடு சேர்ந்து நகர்கிறதா, அடியிலுள்ள தசையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது தெரியும். பிறகு ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, தேதியையும் உடலில் எந்த இடம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து மருத்துவர் ‘வளர்ந்திருக்கிறதா?’ என்று கேட்கும்போது, நினைவிலிருந்து சொல்லும் பதிலைவிட அந்தப் படம் பல மடங்கு பயன்படும்.

இவ்வளவு பார்த்த பிறகும், அது சிஸ்ட்தான் என்று கையையும் கண்ணையும் மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. அனுபவமுள்ள கால்நடை மருத்துவர்களும் அப்படிச் செய்வதில்லை. நாய்களின் தோலில் தோன்றும் புற்றுகளில் மிகவும் பரவலாகக் காணப்படும் மாஸ்ட் செல் புற்று (ஒவ்வாமையில் பங்கெடுக்கும் மாஸ்ட் செல்களில் தோன்றுவது), கொழுப்புக் கட்டி போலவும், பூச்சிக் கடி போலவும், மரு போலவும் வேடமிட வல்லது. சில நாள் பெருத்துச் சில நாள் சுருங்கியும் காணப்படும். அதை அழுத்தினால் வீக்கத்தை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் வெளிப்பட்டுச் சுற்றுப்புறம் திடீரெனச் சிவந்து வீங்கும். பாக்ஸர் இன நாய்களுக்கு ரோமக்கால் சிஸ்ட்களும் மாஸ்ட் செல் புற்றும் இரண்டுமே வரும் இயல்பு அதிகம் என்பதால், ‘இந்த இனத்துக்கு இது வழக்கம்தான்’ என்ற ஆறுதலைக்கூட அங்கே நம்ப முடியாது.

ஐயம் தீர்க்கும் வழி ஊசிப் பரிசோதனை. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சிறிது மாதிரி எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. தடுப்பூசி போட ஆகும் நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். 1 செ.மீ. அளவை எட்டிய கட்டியையும், ஒரு மாதத்துக்கு மேலாக மறையாமல் இருக்கும் கட்டியையும் இந்தப் பரிசோதனைக்கு உட்படுத்துவது நல்ல வரையறை. வேகமாக வளர்வது, புண்ணாகி இரத்தம் கசிவது, கல் போல் இறுகி அசையாமல் இருப்பது, அருகிலுள்ள நிணநீர் முடிச்சு வீங்குவது, நாய் சோர்ந்து உணவை ஒதுக்குவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அந்த வரையறைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஊசியில் வந்தது கெராட்டின் மட்டுமே என்று தெரிந்தபின், சிறிய, வலியில்லாத, நாயின் கவனத்தை ஈர்க்காத கட்டியை அப்படியே விட்டுவிடுவதும் முறையான சிகிச்சையே. சிலருக்கு இது அலட்சியமாகப் படலாம். உண்மையில், வயதான நாயை மயக்க மருந்துக்கு உட்படுத்துவதைவிட மாதம் ஒரு முறை அளந்து பார்ப்பது பல வேளைகளில் மேலான தீர்ப்பாகும்.

கட்டி தானாகவே உடைந்துவிட்டால் வீட்டில் செய்ய வேண்டியது நிறைய உண்டு. முதலில் சுற்றியுள்ள ரோமத்தைக் கத்தரியால் அல்லாமல் ட்ரிம்மரால் குறைத்துவிடுங்கள். ரோமத்தோடு தோலும் கத்தரியில் சிக்குவது எளிதில் நேரும். அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அந்த நீரில் நனைத்த காஸ் துணியால், அழுத்தாமல், வெளியே வந்திருப்பதை மட்டும் துடைத்தெடுங்கள். பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஐந்து முதல் பத்து நிமிடம் அதன் மேல் வைக்கலாம். நாளைக்கு இரண்டு அல்லது மூன்று முறை இவ்வாறு செய்தால் தேங்கியது தானாக வடியும். துணியின் சூட்டை முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுடுவது நாய்க்கும் சுடும். கிருமிநாசினி தேவைப்பட்டால் 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கரைசலின் ஒரு பங்கை 40 பங்கு நீரில் கலந்து பயன்படுத்தலாம். ஆனால் நுரைக்கும் சோப்பு கலந்த வகை திறந்த புண்ணுக்கு ஆகாது, கண்ணுக்கும் காதுத் துளைக்கும் அருகில் எந்த வகையும் வேண்டாம். நாய் அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருந்தால் மேற்கூறிய எதுவும் பலிக்காது. நக்க முடியாதபடி கழுத்தைச் சுற்றி அணிவிக்கும் கழுத்துக் கூம்பை மாட்டுங்கள். துர்நாற்றமோ, பச்சை கலந்த சீழோ, பரவும் சிவப்போ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் செல்வது அவசியம்.

பயன்படுத்தக் கூடாதவற்றையும் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் ஆறி வரும் திசுவையே எரித்துவிடும். இயற்கையானது என்ற நம்பிக்கையில் பலர் தடவும் டீ ட்ரீ எண்ணெய் நாய்களுக்கு நஞ்சு. தோல் வழியாகவும் நக்குவதாலும் உடலில் சேர்ந்து நடுக்கத்தையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்கும். மனிதருக்கான இபுப்ரோஃபன், பாராசிட்டமால் மாத்திரைகளை வலிக்கெனக் கொடுக்கவே கூடாது. முன்பு எப்போதோ மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் வேண்டாம். தொற்று இல்லாத கட்டியில் அதற்கு வேலையே இல்லை, தொற்று இருந்தால் எந்த மருந்து எத்தனை நாள் என்பது பரிசோதித்துத் தீர்மானிக்க வேண்டியது.

விரல்களுக்கு இடையே, பாதத்தில், சிவந்து பளபளக்கும் கட்டி வந்தால் அது வேறு கதை. அது பெரும்பாலும் உண்மையான சிஸ்ட் அல்ல. குட்டை ரோமம் தோலுக்குள் திரும்பிக் குத்தி, ரோமக்கால் உடைந்து ஏற்படும் ஆழமான அழற்சி. ஒவ்வாமை, ரோமக்கால்களில் வாழும் டெமோடெக்ஸ் என்னும் நுண்ணிய சிற்றுண்ணி, உடல் பருமன் போன்றவை அதன் பின்னால் இருக்கலாம், அவற்றைக் கண்டறிந்து சரிசெய்யாதவரை ஒரு விரலில் ஆறி அடுத்த விரலில் கிளம்பும். மருந்தும் வாரக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். இதே போல, பிறவியிலேயே முதுகின் நடுக்கோட்டில் கட்டியோ துளையோ உள்ள நாய்கள், குறிப்பாக ரிட்ஜ்பேக் இனத்தவை, வீட்டுச் சிகிச்சைக்கு உரியவை அல்ல. அத்தகைய துளை சில நேரம் தண்டுவடம் வரை செல்லக்கூடும் என்பதால், அதைக் குத்தவோ கழுவித் தூர்வாரவோ முயலாதீர்கள்.

அடிக்கடி உடையும், தொற்றும், நடக்கும்போதோ படுக்கும்போதோ உரசும் கட்டிக்கு நிலையான தீர்வு அறுவைதான். உறையைக் கிழிக்காமல் முழுதாக எடுப்பதே இதன் சாரம். அழற்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது உறை சுற்றுத் திசுவோடு ஒட்டிக்கிடக்கும் என்பதால், முதலில் மருந்தால் வீக்கத்தைத் தணித்துவிட்டுப் பிறகு அறுப்பதை மருத்துவர்கள் விரும்புவதுண்டு. அறுவைக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும், எத்தனை மணி நேரம் உணவு கொடுக்கக் கூடாது என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்வதும் நல்லது. எடுத்த கட்டியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஊசியில் தெரியாதது அதில் தெரியக்கூடும்.

வீட்டுக்கு வந்ததும் தையல் உள்ள இடத்தை நாளுக்கு இருமுறை பாருங்கள். முதல் சில நாள்களில் இலேசான வீக்கமும் சிறு நீலமும் இயல்பானவை. தையல் விலகுவதும், ஈரம் கசிவதும், கை வைத்தால் சூடாக இருப்பதும் இயல்பானவை அல்ல. பொதுவாக 10 முதல் 14 நாள்களில் தையல் பிரிக்கப்படும், அதுவரை குளிப்பாட்டலும் துள்ளி ஓடும் விளையாட்டும் வேண்டாம், கழுத்துக் கூம்பை இரவிலும் கழற்ற வேண்டாம். நாய் பரிதாபமாகப் பார்த்தாலும் சரி; யாரும் பார்க்காத ஒரு நிமிடத்தில் இரண்டு தையலைக் கடித்து எடுத்துவிடும். ஆறிய தழும்பிலோ அருகிலோ மீண்டும் உருண்டை எழுந்தால், பழைய பரிசோதனை அறிக்கையைக் கையில் எடுத்துச் சென்று, அதற்கும் புதிதாக ஊசிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.