சேலைக்கு மேல்சட்டையாக டர்டில்நெக்: செய்யக் கூடாதவை

ஜனவரி வந்தால் டொரொன்டோ பக்கம் பட்டுச் சேலைகள் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிடும். ஒன்டாரியோ 2014-லும் கனடா நாடாளுமன்றம் 2016-லும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அறிவித்த பிறகு, பொங்கலோடு எதுவும் முடிவதில்லை. வாரக்கடைசியானால் ஏதாவதொரு மண்டபம். வெளியே மைனஸ் பத்து, அதனால் பிளவுஸுக்குப் பதில் கழுத்தை மூடும் டர்டில்நெக் ஸ்வெட்டர். நல்ல யோசனைதான், நானும் அப்படித்தான் கட்டுகிறேன். ஆனால் புதிதாக ஆரம்பிக்கும் பெண்கள் நான் முன்பு அடித்த கூத்தையே திரும்ப அடிப்பதைப் பார்த்துத்தான் இது. நிறப் பொருத்தம் பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை, அதைக் கண்ணாடியே சொல்லும்.

தடித்த கம்பளி

வேண்டாம். அதன் மேல் கொசுவம் வைத்தால் இடுப்பில் தலையணை கட்டியது போல இருக்கும். மண்டபத்துக்குள் ஹீட்டரும் கூட்டமுமாக வியர்க்கும்போது கழற்றவும் முடியாது. மெல்லிய மெரினோ (மிருதுவான ஆட்டுக் கம்பளி) வாங்குங்கள், பாவாடைக்குள் நன்றாகச் செருகும் நீளத்தில்.

தோளில் ஊக்கு

இதுதான் இன்றும் எனக்கு எரிச்சல். பிளவுஸ் நெசவுத் துணி. ஊக்கு குத்தினால் பாவும் ஊடையும், அதாவது நெடுக்கு நூலும் குறுக்கு நூலும், கொஞ்சம் விலகி இடம் கொடுக்கும். பின்னலாடை அப்படியில்லை. ஒரே நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகிறது, ஒரு கண்ணி அறுந்தால் அடுத்ததும் பிடி விட்டு வரிசையாக இறங்கும். அதிலும் காஞ்சிபுரம் பட்டு என்றால் சரிகை முந்தானையின் கனம் முழுக்க அந்த ஒரு துளையில்தான் தொங்கும்.

போன பொங்கல் விழாவில் உறவுக்காரப் பெண் ஒருத்தி, புது மெரினோ, விலையும் கொஞ்சநஞ்சமில்லை, எல்லா மடிப்பையும் ஒரே ஊக்கில் சேர்த்துக் குத்திக்கொண்டு குழந்தையைத் தூக்கியிருக்கிறாள். அது முந்தானையைப் பிடித்து இழுக்க, தோளில் நூல் வளையமாக வெளியே வந்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் பிழைத்திருக்கும். பக்கத்திலிருந்த அக்கா ஒருவர் "இரும்மா, வெட்டி விடுறேன்" என்று கைப்பையிலிருந்து குட்டிக் கத்தரியை எடுத்து நறுக்கிவிட்டார். பந்தி முடிவதற்குள் விரல் நுழைகிற ஓட்டை.

வெளியே வந்த நூலை வெட்டவே கூடாது. நுனியில் கொக்கியுள்ள குரோஷா ஊசியால் உள்பக்கம் இழுத்துவிட்டு, துணியை எல்லாப் பக்கமும் மெதுவாக நீவினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நான் செய்வது இதுதான்: தோள் மூட்டுத் தையலுக்கு உள்பக்கம் இரண்டு விரல் அகலத்தில் பருத்தி நாடா ஒன்றைக் கையாலேயே தைத்துவிடுவேன். ஊக்கு நாடாவையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், அப்போது கனம் நாடாவுக்குப் போய்விடும். ஊக்கின் சுருளில் நூல் மாட்டாமலிருக்க அங்கே ஒரு சின்ன மணி கோத்துக்கொள்ளலாம். இடுப்பு ஊக்கு பாவாடையோடு நிற்கட்டும், ஸ்வெட்டர் வரை போக வேண்டாம்.

அட்டிகை

மடித்த கழுத்தின் மேல் நிற்காது. நீள ஆரம் போடுங்கள்.

ஈரத்தோடு கொடியில் போடுவது

தண்ணீர்க் கனத்தில் ஸ்வெட்டரின் கை நீண்டுவிடும். துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாகப் பரப்பி உலர்த்துங்கள்.

பொட்டு, ஜிமிக்கி

எல்லாம் ஸ்வெட்டருக்கு அப்புறம். முதலில் வைத்தால் பொட்டு கழுத்துக்குள் ஒட்டிக்கொண்டு போய்விடும், ஜிமிக்கி கண்ணியில் மாட்டிக்கொள்ளும். அந்த நிலையில் தலை உள்ளே, கை மேலே, கதவுக்கு வெளியே கார் ஹாரன்.